கதவைப் பார்த்த கதிரை

மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. சுவிஸின் பேர்ண் நகரில் ஒரு சீன உணவகத்தின் வட்ட மேசையில் அண்ணை நாப்கின்களை மடித்துக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் உயரமாக மடித்து, கதவை நேரே பார்த்த கதிரைக்கு முன் வைத்தார். மெலிந்த மனிதர், எந்தக் கதிரையையும் தரையில் உரசவிடாமல் தூக்கியே வைப்பார். இருபது வருடம் அங்கே பரிமாறிய அவருக்கு அன்று பிரியாவிடை விருந்து. என்னையும் அழைத்திருந்தார்.

"இதிலை இருக்கிறவர்தான் விருந்தின்ரை பெரிய ஆள். கதவுக்கு முதுகைக் காட்டி இருக்கிறவன் கடைசி ஆள்."

"அப்ப இண்டைக்கு நீங்கள்தான் பெரிய ஆளோ, அண்ணை?"

"ஓம். ஒருநாளைக்கெண்டாலும் இருந்து பாப்பம்." டையைச் சரிசெய்துகொண்டார்.

சீன முதலாளி கட்டடச் சொந்தக்காரரோடு வந்தார். சொந்தக்காரரை அந்தக் கதிரையில் அமர்த்திவிட்டு, அண்ணையிடம் ஜெர்மனில், "நீ நம் வீட்டு ஆள்தானே, இங்கே இரு" என்று கதவுக்கு முதுகு காட்டிய கதிரையைக் காட்டினார். அதைச் சத்தமில்லாமல் தூக்கி வைத்து அண்ணை அமர்ந்தார்.

முழு மீன் வந்தது. அதன் தலை பெரிய ஆளைப் பார்க்கவேண்டும் என்பது சீன வழக்கம். அண்ணை எழுந்து தட்டை வாங்கி, தலையைக் கட்டடச் சொந்தக்காரர் பக்கம் திருப்பி வைத்தார்.