முட்டை லாரியில் ஒரு நாற்றம்

அழுகின முட்டை எப்படி நாறும் என்று நாமக்கல் பக்கத்து ஆளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வருஷமாக முட்டை லாரி ஓட்டுகிறவன் நான். அந்தத் தெம்புதான் என்னைக் கெடுத்தது. ஒரு மனுஷனின் பிழைப்பையும் சேர்த்துக் கெடுத்தது. இன்றைக்கு நினைத்தாலும் வாயில் புளித்த எச்சில் ஊறுகிறது.

நாற்றம் சித்திரை வெயிலில் ஆரம்பித்தது. நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு பண்ணையில் லோடு ஏற்றிக்கொண்டு கரூர், திண்டுக்கல் வழியாகக் கேரளா போவது என் வாடிக்கை. பரமத்தி வேலூர் பாலம் தாண்டுவதற்குள் கேபினுக்குள் குப்பென்று ஏறும். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் தயிர் சாதத்திலும் அதே நாற்றம். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைக்கக் கூசும். ஒரு நாள் வீட்டுக்காரி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "பொணத்த ஏத்திக்கிட்டு வந்தாப்புல இருக்குது. ஊட்டுக்குள்ள வராதீங்க, அங்கயே தண்ணி ஊத்திக்கிங்க" என்றாள்.

அதே வாரம் கேரளாவில் முட்டை வாங்குகிற கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வரிசை முட்டை அட்டையை அப்படியே திருப்பி அனுப்பினார். அதில் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

பண்ணையில் அட்டை அடுக்குகிறவர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அட்டைக்கு முப்பது முட்டை. ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிக் கயிறு போட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டிக் காதை வைத்துக் கேட்பார். "உள்ள எல்லாம் தூங்குதுங்க தம்பி, நீங்க எழுப்பாம ஓட்டிக்கிட்டுப் போங்க" என்பார். நல்ல பேச்சைக் கேட்டால் எனக்கு நாள் முழுக்க இனிக்கும். அவருடைய பேச்சை வழியெல்லாம் டீக்கடைகளில் என் பேச்சாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவரை, லோடு ஏற்றுகிற அத்தனை பேர் முன்னாலும் நிறுத்தி, அடி அட்டையில் உடைத்துவிட்டு மேல் அட்டையால் மூடுகிறார் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. லாரியைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார். நாறத்தான் செய்தது. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க தம்பி, இன்னைக்கு ஒடஞ்ச முட்டை இன்னைக்கேவா நாறும்?"

 பதில் இல்லாதவன் குரலை உயர்த்துவான், நானும் உயர்த்தினேன். கேரளாவிலிருந்து வந்த புகாரைப் பண்ணை சூப்பர்வைசர் ஏற்கெனவே மனதில் வைத்திருந்தார். மறுநாள் முதல் அடுக்குகிறவரை அந்த வேலையிலிருந்து எடுத்து, கூண்டுக்கு அடியில் கோழி எரு அள்ளப் போட்டுவிட்டார்கள்.

அவர் போனார். நாற்றம் போகவில்லை. புதிதாக வந்தவர்களும் உடைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். பிளீச்சிங் பவுடர் வாங்கி லாரி பாடியை மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன்.

வண்டி வேறு பாஷையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது. ஹெட்லைட் பல்பு வாரத்துக்கு ஒன்று ஃபியூஸ் ஆனது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கேபின் ஃபேன் பிய்த்துக்கொண்டு பறக்கிற மாதிரி கத்தியது. ஹாரன் என்றைக்கும் இல்லாத கணீர். சார்ஜ் பிரமாதமாக ஏறுகிறது என்று பெருமைப்பட்டேன். வயரிங் வேலையை நானாகக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டவன் நான். ஒருநாள் எஞ்சினை ஓடவிட்டு, சார்ஜ் ஏற்றுகிற டைனமோவின் பின்பக்கம் மீட்டரை வைத்தும் பார்த்தேன். இருபத்தேழு புள்ளி எட்டு வோல்ட். இரண்டு பேட்டரி போட்ட வண்டிக்கு இருபத்தெட்டை ஒட்டி இருந்தால் சரி. மீட்டரைச் சுருட்டி வைத்துவிட்டேன். பேட்டரிப் பெட்டியைத் திறக்கவில்லை. அதன்மேல் மடித்த தார்ப்பாய் கிடந்தது. அதை நகர்த்தச் சோம்பல்.

வைகாசிக் கடைசியில், கேரளாவில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போதே கரூரில் பாடியை மறுபடி கழுவினேன். பரமத்தி வேலூர் பாலத்தைத் தாண்டியதும் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் ஓரம், உச்சி வெயிலில், தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். குப்பென்று அடித்தது. லாரியில் ஒரு முட்டை இல்லை. ஓடுகூட இல்லை. அட்டை அடுக்குகிறவர் கேட்ட கேள்வி அப்போதுதான் மண்டைக்குள் இறங்கியது.

மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் மூக்கு இழுத்த பக்கம் போனேன். தார்ப்பாயை இழுத்துப் போட்டு மூடியைத் தூக்கினேன். முகத்தில் அறைந்தது. கொடிக்கால் வரப்பில் உட்கார்ந்து குடித்த தண்ணீரை எல்லாம் வாந்தி எடுத்தேன்.

உள்ளே ஒரு பேட்டரி, செத்து மூன்று நாளான மாட்டின் வயிறு மாதிரி உப்பிக் கிடந்தது. கிளாம்ப் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகச் சீழ் கட்டின மாதிரி உப்புப் பூத்திருந்தது. மூடித் துளைகளில் உலை கொதிக்கிற சத்தம். கை வைத்தால் சுட்டது. ஆசிட் வழிந்து பெட்டியின் தகரம் அப்பளமாக உதிர்ந்தது. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் பேட்டரி கொதித்து, அச்சாக அழுகின முட்டை மாதிரியே நாறும். வேறு ஊரில் லாரி ஓட்டுகிறவன் முதல் நாளே பேட்டரியைத் திறந்திருப்பான். முட்டை ஏற்றுகிறவன் முட்டையைத்தான் திட்டுவான்.

மீட்டரை எடுத்து மறுபடி வைத்தேன். சும்மா ஓடும்போது அதே இருபத்தேழு புள்ளி எட்டு. இந்தத் தடவை ஒரு செங்கல்லை எடுத்து ஆக்ஸிலேட்டர் மேல் வைத்துவிட்டு வந்து பார்த்தேன். இருபத்தொன்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. வண்டி நிற்கும்போது ஒழுங்காக இருந்து, ஓடும்போது கெட்டிருக்கிறது. நான் நிறுத்தி வைத்துத்தான் பார்த்தேன்.

பேட்டரியின் எர்த் வயரை முதலில் கழற்றி வைத்துவிட்டு, பஸ் பிடித்து வேலூர்க் கடைவீதிக்குப் போய் கட்டவுட் வாங்கி வந்தேன். டைனமோ எவ்வளவு கொடுக்கலாம் என்று அளவு பார்த்து அடக்குகிற உள்ளங்கை அகலச் சாமான் அது. பழையதைக் கழற்றினேன். பின்பக்கத்து மெழுகு கருகி, வெடித்து, பாகாக இளகி விரலில் ஒட்டியது. அதிலேயே இருந்த கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து நகக்கண் அளவுதான் மிச்சம். புதியதை மாட்டி, கிளாம்ப்பை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் கழுவினேன். லுங்கியில் ஆசிட் பட்ட இடமெல்லாம் ஓட்டை விழுந்தது. மறுபடி செங்கல், மறுபடி மீட்டர். இருபத்தெட்டு புள்ளி இரண்டில் அசையாமல் நின்றது. நாமக்கல் வந்து இரண்டு பேட்டரியையும் மாற்றினேன். உப்பின பேட்டரியைக் கடையில் போடவில்லை. சாக்கில் சுற்றிப் பண்ணைக்கு எடுத்துப் போனேன்.

அவர் கூண்டுக்கு அடியில் முழங்கால் வரை எருவில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈ மொய்த்தது. ஓட்ட அவருக்குக் கை ஒழியவில்லை. நடந்ததைச் சொன்னேன். சாக்கை விலக்கி, மோந்து பாருங்கண்ணா, இதுதான், முட்டை இல்லை என்றேன். அவர் குனியவில்லை.

"ஒரு மாசத்துக்கு மேல எருவுல நிக்கிறவன்கிட்ட மோந்து பாருன்னு கொண்டாந்திருக்கறீங்களே, சாமி. எனக்கு ஏதுங்க இப்ப மூக்கு? மூக்கு இருக்கறவங்ககிட்டக் காட்டுங்க."

சாக்கை மறுபடி சுற்றித் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன். 

சூப்பர்வைசரிடம் காட்டினேன். அவர் தூரத்திலிருந்தே முகம் சுளித்து, ஏங்க, இதைப் போய் ஆபீசுக்குள் கொண்டு வருவீர்களா என்றார். அடுக்குகிறவரை எந்த இடத்தில் வைத்துப் பழித்தேனோ அதே இடத்தில், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் நிற்கும்போது, தப்பு என் வண்டியில்தான் என்று சொன்னேன். ஒருவர், "அப்ப இத்தனை நாளா நாறுனது டிரைவருங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

மறுநாளே அவர் அடுக்குகிற வேலைக்குத் திரும்பிவிட்டார். மற்ற லாரிகளுக்கு அடுக்கி, தட்டி, காதை வைத்துக் கேட்கிறார். அவர்களிடம் அந்தப் பேச்செல்லாம் பேசுகிறார். என் லாரி பண்ணைக்குள் நுழைந்தால் மட்டும் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து மூக்கைச் சுற்றி நிதானமாகக் கட்டிக்கொள்கிறார். வண்டியில் இப்போது ஒரு நாற்றமும் இல்லை. அவருக்கும் அது தெரியும். துண்டைக் கட்டிக்கொண்டு அடுத்த லாரிக்கு நடந்துவிடுகிறார். என் அட்டைகளை வேறு ஆள் அடுக்குகிறார். ஒருவரும் தட்டிப் பார்ப்பதில்லை.