மாமி சைக்கிள் ஓடிய வருஷம்

அது எங்கள் பக்கம் பஸ் ஓடாத காலம். சண்டையால் எண்ணெய் வரவில்லை. அந்த வருஷம் மாமிக்கு வயிற்றில் கட்டி என்று டொக்டர் சொன்னார். கனநாள் இல்லை என்றும் சொன்னார்.

மாமி அப்பாவின் அக்கா. கலியாணம் கட்டாதவர். அம்மா செத்தபின் எங்களை வளர்த்தவர். சபையில் யார் வருத்தம் வந்து படுத்தாலும் ஜெபம் பண்ண நடந்தே போவார். இப்போது நடந்தால் கால் வீங்கியது.

சொந்தக்காரர் வந்து அழுதார்கள். சித்தி, பெட்டியில் வைக்கும்போது உடுத்தவென்று ஒரு வெள்ளைச் சேலை வாங்கி வந்து அலுமாரியில் வைத்தார். எங்கள் சனத்தில் அதை யாரும் பிழையாக எடுப்பதில்லை. மாமியும் தொட்டுப் பார்த்து, நல்ல சேலை என்றார். பிறகு அப்பாவிடம் சைக்கிளைக் கேட்டார்.

அது அம்மா ஓடிய லேடீஸ் சைக்கிள். அப்பா அதில்தான் வெங்காயம் கட்டி மருதனார்மடம் சந்தைக்குப் போவார். வேறு வண்டி இல்லை.

"உங்களுக்கு விசரே அக்கா? விழுந்தால் எழும்பமாட்டியள்."

"படுத்தாலும் எழும்பமாட்டன். பாக்கவேண்டிய சனம் கனக்கக் கிடக்கு. காலம் காணாதடா."

அப்பா தரமாட்டேன் என்றார். மாமி மறுபடி கேட்கவில்லை. அப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போன நேரம் பார்த்துச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் கரியரைப் பிடித்தேன். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார்.

"என்னக்கா, மோட்சத்துக்குச் சைக்கிளிலையோ போறியள்?"

"நடந்து போனால் பிந்திப்போடுவன் தம்பி."

சொல்லி முடிக்கமுன் வெங்காயப் பாத்திக்குள் விழுந்தார். அப்பா ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. மாமி வெங்காயத் தாளுக்குள் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைத் தூக்கி இருத்திவிட்டு, நட்டுக் கழற்றும் சாவி எடுத்துவந்து, கால் எட்டும்படி சீற்றைப் பதித்தார். அன்று தொடங்கி அவர்தான் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

உயிர்த்த ஞாயிறு விடிய மாமி அந்த வெள்ளைச் சேலையை உடுத்தார். சித்தி பதறிப்போனார்.

"ஐயோ மச்சாள், அது உடுக்கிற சேலை இல்லை!"

"நான் செத்தாப்பிறகு வடிவாயிருக்கெண்டு எனக்கு ஆர் சொல்லுறது?"

சைக்கிளில் ஏறி உழக்கினார். நாங்கள் பின்னால் ஓடினோம். கோயில் வளவுக்குள் சனம் மெழுகுதிரியோடு நின்றது. மாமி நேராக உள்ளே போனார். நிற்கவில்லை. கோயிலைச் சுற்றினார். மறுபடி சுற்றினார்.

"வழி விடுங்கோ! எனக்கு இறங்கத் தெரியாது!"

ஏறப் பழக்கிய அப்பா இறங்கப் பழக்கவில்லை. போதகர் ஒதுங்கினார். சனம் கைதட்டியது. மணி அடித்தவர் கயிற்றை விடாமல் அடித்துக்கொண்டே நின்றார். கடைசியில் அப்பா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து நிறுத்தினார். சேலைக் கரையெல்லாம் செயின் கிறீஸ். மாமிக்கு மூச்சு வாங்கியது. வாய் நிறையச் சிரிப்பு.

அதற்குப் பிறகு மாமி வீட்டில் நிற்கவில்லை. போகாத வீடு இல்லை. அடுத்த மாரிமழைக் காலம்வரை ஓடினார்.

அவ்வளவு நாளும் அப்பா வெங்காயச் சாக்கைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடந்தார். நானும் கூடப் போவேன்.

"என்ன, சைக்கிளை வித்துப்போட்டியே?" என்று வழியில் கேட்பார்கள்.

"அக்கா கொண்டு போயிட்டா. அவவுக்கு வேலை கிடக்கு!"

கேட்காத ஆட்களுக்கும் சொல்வார். தெருவுக்கே கேட்கச் சொல்வார். எனக்கு வெட்கமாக இருக்கும். கொஞ்சம் பின்தங்கி நடப்பேன். சைக்கிளைப் பறிகொடுத்த மனிதர் அதை ஏன் இப்படிக் கத்திக் கத்திச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.