பச்சையம்மாளின் தவலை

கார்த்திகை தீபத்துக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் பழைய பித்தளையை எல்லாம் கடையில் போட்டு எவர்சில்வர் வாங்கிவிட வேண்டும் என்று அம்மா அப்பாவை நச்சரித்த வருஷம் அது. திருவண்ணாமலையில் எவர்சில்வர் இல்லாத வீட்டை மனிதர்கள் வாழும் வீடாகவே அப்போது அம்மா மதிப்பதில்லை. பரணிலிருந்து இறக்கிய பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்க்கும் வேலை அத்தைக்கும் எனக்கும் வந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் இரண்டு வருஷமாக எங்களோடுதான் இருந்தாள். ஏன் என்று கேட்டால் என் தலையில் குட்டு விழும்.

ஒரு தவலையின் கழுத்தில் அழுக்கு போனதும் எழுத்து தெரிந்தது. பச்சையம்மாள் என்ற பெயர், கீழே ஓர் ஊர்ப் பெயர். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுப்பது வழக்கம். எங்கள் குடும்பத்தில் பச்சையம்மாள் என்று யாரும் இல்லை. அப்பாவைக் கேட்டோம். அவருடைய தாத்தாவின் முதல் சம்சாரமாம். கல்யாணமான வருஷமே காலராவில் போய்விட்டாளாம்.

"புள்ளகுட்டி இல்லாம செத்தவ சீரு பொறந்த வீட்டுக்குத்தானே போவணும்? இது ஏன் இங்க இருக்குது?" என்றாள் அத்தை.

அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார். பதில் தெரியாத கேள்விகளுக்கு அதுதான் அவர் பதில்.

அத்தை விடவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்த நிலப் பத்திரங்களை எல்லாம் இருவரும் உட்கார்ந்து படித்தோம். பாட்டன், பூட்டன், பங்காளி என்று ஒரே ஆம்பளைப் பெயர்கள். தாலுகா ஆபீசில் போய்ச் சாவுக் கணக்கு கேட்டாள். அவ்வளவு பழசு இங்கே கிடையாது என்றார்கள். மறுநாள் தவலையைப் பழைய புடவையில் மூட்டை கட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு செஞ்சி பஸ் ஏறிவிட்டாள். பாத்திரக் கடைக்குத்தான் போகிறோம் என்று நினைத்து அம்மா சந்தோஷமாக வழியனுப்பினாள்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே இருந்தது தவலையில் இருந்த ஊர். களத்தில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை பறித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"எங்க அத்தையாச்சே! காலராவா? யாரு சொன்னது? எனக்குப் பொண்ணு பாத்துக் கட்டிவச்சதே அவங்கதான். புருசன் வேற பொண்ணு கட்டணும்னு ஒரே வருசத்துல இங்க கொண்டாந்து வுட்டுட்டான். எங்க தாத்தா பாத்திரத்தத் திருப்பிக் கேக்கல. அது அங்க கிடந்தா என்னிக்காவது பொண்ணக் கூப்புட்டுக்குவாங்கன்னு இருந்தாரு. சாவுற வரைக்கும் இருந்தாரு."

"அவங்க எப்படி இருந்தாங்க?"

"மாடு வச்சிருந்தாங்க, கழனி பாத்தாங்க. கோவம் வந்தா ஊரே நடுங்கும். பொங்கல் வெக்கிறப்ப மட்டும், என் தவலை அங்க கிடக்குதேன்னு சொல்லுவாங்க."

அத்தை மூட்டையை அவிழ்த்துத் தவலையை அவர் முன்னால் வைத்தாள். இந்த வயசில் எனக்கெதுக்கும்மா என்று அவர் கெஞ்சினார். "உங்க வீட்டுதுங்க" என்றாள் அத்தை. அதற்குமேல் அவளோடு யாரும் பேச முடியாது.

திரும்பும் பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு டிக்கெட் வாங்கிவிட்டுக் கீழ்பென்னாத்தூரிலேயே இறங்கினாள். காசு வீணாகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமா வீட்டுக்குள் நாங்கள் நுழையவில்லை. அத்தை தெருவில் நின்றபடி, "என் பேரு வெட்டுன பாத்திரம் எல்லாத்தயும் எடுத்து வெளிய வைங்க" என்றாள். மாமாவின் அம்மா கத்தினாள். மாமா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெயில் சாயும் வரை அத்தை அசையவில்லை. கடைசியில் அண்டா, குடம், குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்தன. ஒவ்வொன்றையும் திருப்பிப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் கூரையில் ஏற்றவிட்டாள்.

"எல்லாத்தயும் வாங்கிட்டு வந்துட்டோம்!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா அழுதாள். வந்தது அத்தனையும் பித்தளையாக இருக்கிறதே என்று அழுகிறாள் என நினைத்தேன். அப்பா பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்தார். அவை மாமா வீட்டில் இருக்கும்வரை தங்கையை என்றைக்காவது திருப்பி அனுப்பிவிடலாம் என்று அவர் காத்திருந்தது அப்போது எனக்குத் தெரியாது. அத்தை அன்றோடு அதை முடித்துவிட்டாள் என்பதும் தெரியாது.