சவுக்கு மரத்தில் உட்கார்ந்த மீன்கள்

"…கண்ணு படக் கூடாதுன்னுதானேடா வாசல்ல மாட்டுனேன்? இப்ப ஊர்ல கீற கண்ணு மொத்தமும் இங்கதான் வந்து குந்திகினு கீது!" என்றாள் அக்கா, தெருவில் நின்ற கும்பலைக் காட்டி.

புதுப்பட்டினத்தில் வண்டிகளுக்கு நம்பர் எழுதுவது அப்போது என் பிழைப்பு. கடை சாத்தியபின் எனக்காக வரைவேன். யாரிடமும் கற்றதில்லை. என் கடல் கறுப்பாக இருக்கும். சவுக்கு மரங்கள் வேரைப் பிடுங்கிக்கொண்டு நண்டு மாதிரி நடக்கும். கிளைகளில் மனுஷக் கண்ணோடு மீன்கள் உட்கார்ந்திருக்கும். பொழுது சாய்கையில் எங்கள் கரை எனக்கு அப்படித்தான் தெரியும். யாருக்குக் கொடுத்தாலும், "ஷோக்கா கீது, நீயே பத்திரமா வச்சுக்க" என்பார்கள். வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியுமா? ஒரே ஒரு வீட்டுக் கூடத்திலாவது என் படம் தொங்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அக்கா புது வீடு கட்டியதும் இருப்பதிலேயே பெரிய படத்தைத் தூக்கிப்போனேன். உற்றுப் பார்த்தாள். "இத்தினி நாளு எங்கடா வச்சிருந்த? கடைல விக்கிற பூதமெல்லாம் இதுங்கிட்ட நிக்க முடியாது!" என்றவள், திருஷ்டிப் படமாக அதை வாசலில் மாட்டிவிட்டாள். நான் கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா முதுகில் தட்டி, "வுடு மச்சான், பூதத்துக்கு பிரமோஷன்" என்றார்.

திருஷ்டிப் படம் என்றால் பார்க்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இங்கே ஒருவரும் திருப்பவில்லை. அணுமின் நிலையத்து ஸ்டாஃப் பஸ் டிரைவர் வண்டியையே ஓரங்கட்டி, "இன்னா அண்ணாத்த, மேல கீற மீனு எங்க ஆபீசர் மாதிரியே மொறைக்குது!" என்றார். மீன்காரம்மா ஒருத்தி கூடையை இறக்கிவைத்து, "ஆபீசரா? அது எங்க நாத்தனாருய்யா!" என்றாள். மறுநாள் அந்த நாத்தனாரையே கூட்டிவந்து காட்டினாள். நாத்தனாரும் போகவில்லை. சாயங்காலமானால் வாசலில் நிற்க இடமில்லை.

அப்படியொரு சாயங்காலம்தான் அக்கா கத்தினாள். ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தை இறக்கினாள். திருப்பித் தரப்போகிறாள் என்று கை நீட்டினேன். என்னைத் தாண்டி உள்ளே போனாள். டிவிக்கு மேலிருந்த கல்யாண போட்டோவைக் கழற்றி மாமா கையில் திணித்துவிட்டு, அந்த ஆணியில் என் கறுப்புக் கடலை மாட்டினாள். பிறகு ஒரு பிடி உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துவந்து, படத்துக்கே மூன்று தரம் சுற்றித் திருஷ்டி கழித்தாள்.