திருப்பிச் சொல்லச் சொல்லும் மிஸ்

என்னைப் போல ஒரு முட்டாளைக் கிள்ளானிலிருந்து காஜாங் வரை கார் எடுத்துக்கொண்டு தேடினாலும் கிடைக்காது. மருத்துவமனையில் எனக்கு உதவ வந்த ஒரு பெண்மணியை, சத்து மாவோ மூலிகைச் சாறோ விற்க வந்த ஏஜென்ட் என்று முடிவுகட்டி, வாரக்கணக்கில் வேவு பார்த்தவன் நான். தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகூடப் பார்த்திருக்கிறேன். அந்தத் தூண் என் வயிற்றை மறைக்கும் அளவுக்கு அகலமில்லை என்பதை ஒரு தாதி சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சந்தேகப்படுவதற்கு எனக்குத் தொழில்முறைத் தகுதி உண்டு. பூச்சோங்கிலும் பங்சாரிலும் வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் வடிகட்டும் கருவி விற்றவன் நான். "அக்கா, சும்மா ஒரு டெஸ்ட் மட்டும், காசே வேணாம்" என்று உள்ளே நுழைவேன். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி கிளாஸில் பிடித்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறியதும் வாயை மூடிக்கொள்வேன். நான் சொல்லக் கூடாது. அந்த அக்காதான் சொல்ல வேண்டும். "என்ன கலர் தெரியுது, நீங்களே சொல்லுங்க." அவர் வாயாலேயே மஞ்சள் என்று வந்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. அதனால், முன்பின் தெரியாத ஒருவர் நம்மிடம் வந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அக்கறையாக விசாரித்தால், அவருடைய கைப்பைக்குள் ஒரு சாம்பிள் பாக்கெட் இருக்கிறது என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை.

என் சொந்த அக்காவுக்கு வயிற்றில் வந்தது சாதாரணப் புண் அல்ல என்று தெரிந்த நாளில், டாக்டர் என்னைத் தனியாக நடைவழிக்கு அழைத்துப்போய் ஆங்கிலமும் மலாயும் கலந்து விளக்கினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் "ஓகே டாக்டர், ஓகே டாக்டர்" என்றேன். எனக்கு விளங்கியது குடல், கேன்சர் என்ற இரண்டே சொல். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் தண்ணீருக்குள் யாரோ பேசுவதுபோல் கேட்டது. அக்காவைக் கேன்டீனில் ஒரு கிளாஸ் தே தாரிக்கோடு உட்கார வைத்துவிட்டுக் கால்போன போக்கில் நடந்தபோதுதான், கீழ்த்தளத்தில் ஃபார்மசிக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை கண்ணில் பட்டது. கதவில் நான்கு மொழிகளில் நோயாளர் தகவல் அறை என்று ஒட்டியிருந்தது. அறிவைத் தேடி உள்ளே போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஏசி நன்றாக இருந்தது. அலமாரியிலிருந்து நீரிழிவு பற்றிய கையேடு ஒன்றை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கியிருந்தது யாருக்கும் தெரியக் கூடாதல்லவா.

"யாருக்கு?" என்று ஒரு குரல்.

"கூட்டாளிக்கு."

"கூட்டாளிக்கு இனிப்பு நீரா?"

"இல்ல. குடல்ல... அது."

"அதுன்னா?"

சொன்னேன். கேட்ட பெண்மணி நாற்காலியை இழுத்துப் போட்டார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பருத்தியில் பஞ்சாபி உடை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. அந்த மருத்துவமனையில் மலாய்க்கார அட்டெண்டன்ட் முதல் சீனக் கிழவிகள் வரை எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். ஏதோ பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்தவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் வைத்தியம் சொல்ல மாட்டார். டாக்டர் சொன்னதற்கு என்ன பொருள், அதைப் பற்றி நம்பக்கூடிய விவரம் எங்கே இருக்கிறது, அடுத்த முறை டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், இவ்வளவுதான் அவர் வேலை. அன்று கணினியில் தேடிப் படித்துக் காட்டினார். ஒரு தாளில் குடலை வரைந்தார். கட்டி இருக்கும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைப்பார்கள், ஆறும் வரை வயிற்றுக்கு வெளியே ஒரு பை வைக்க நேரலாம் என்றார். எல்லாம் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப நீங்க சொல்லுங்க. என்ன புரிஞ்சிச்சி?"

எனக்குச் சுருக்கென்றது. இது என்னுடைய கண்ணாடி கிளாஸ் வித்தை அல்லவா!

"குடல எடுத்துட்டுப் பை வைப்பாங்க" என்றேன்.

"முழுக் குடலையுமா?"

"இல்லயா?"

"திரும்பச் சொல்றேன். நீங்களும் திரும்பச் சொல்லுங்க."

நான் சரியாகச் சொல்லும் வரை அவர் விடவில்லை. சொல்லி முடித்ததும், இதோ விலை வரப்போகிறது என்று முதுகை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தேன். அவர் கதவுப் பக்கம் பார்த்து, "அடுத்து யாரு?" என்றார். பலே ஆள் என்று நினைத்துக்கொண்டேன். முதல் சந்திப்பிலேயே விலை சொல்லாதவர்கள்தான் பெரிய மீனுக்கு வலை போடுகிறவர்கள். எனக்கு அது தெரியாதா?

அதற்குப் பிறகு நான் அடிக்கடி அந்த அறைக்குப் போனதற்கு இரண்டு காரணம். ஒன்று, அவர் சொன்னால் உண்மையில் விளங்கியது. மற்றது, அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஒருநாள் நானே தூண்டில் போட்டேன். "மிஸ், இந்த வியாதிக்கு நல்ல ஜூஸ் ஏதாவது இருந்தா சொல்லுங்களேன்." அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "கேன்டீன்ல லைம் ஜூஸ் இருக்கு. சீனி கம்மியா போடச் சொல்லுங்க." இன்னொருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பையைத் திறந்தார். வந்துவிட்டதடா சாம்பிள் என்று என் நெஞ்சு குதித்தது. வெளியே வந்தது ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே. "எடுங்க" என்று நீட்டினார். முதலில் இலவசமாகத்தான் கொடுப்பார்கள் என்று நானும் வீறாப்பாக வேண்டாமென்றேன். வறுத்த கடலை வாசம் அறை முழுக்க வந்தது. அன்று காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

பக்கத்து ஊர் மேருவிலிருந்து ஒரு சொந்தக்காரர் துரியான் பெலண்டா என்கிற முள்சீத்தா இலையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, காய்ச்சிக் குடித்தால் கட்டி கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டியபோது, அதையும் மிஸ்ஸிடம்தான் கொண்டுபோனேன். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. பொறுமையாகத் தேடினார். மனிதர்களுக்குக் கொடுத்துக் குணமானதாக உறுதியான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் குடிக்க வேண்டாம் என்றார். போட்டிக் கம்பெனிச் சரக்கை மட்டம் தட்டுகிறார் என்று என் மண்டை அதற்கும் ஓர் அர்த்தம் கற்பித்தது.

இத்தனை சந்தேகத்துக்கும் அடியில் உண்மையான பயம் ஒன்று இருந்தது. எங்கள் அப்பாவுக்கும் இதே வியாதிதான். டாக்டர் அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே சொன்னதும், சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவர்தான்; பிறகு செத்தாலும் மருத்துவமனை வாசலை மிதிக்க மாட்டேன் என்றார், அப்படியே செத்தும் போனார். அக்கா அப்பாவின் மகள். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கேன்டீன் நடத்தினாள். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை; அவள் சொன்னால் சொன்னதுதான். அவளுக்குத் தெரிந்தால் அறுவை சிகிச்சைக்கு வர மாட்டாள். அதனால் குடலில் புண், சின்ன ஆபரேஷன் என்று சொல்லிவைத்திருந்தேன். ஆனால் அறுவை சிகிச்சை செய்யவிருந்த பெண் டாக்டரோ, நோயாளிக்கே விவரம் தெரிந்து அவரே சம்மதிக்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "அடுத்த கிளினிக் நாளுக்குள் நீங்கள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்கிறேன்."

மிஸ்ஸிடம் கூட்டாளி என்ற வேஷத்தைக் கலைத்து, வியாதி என் அக்காவுக்கு என்றேன். அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"மிஸ், எங்க அக்கா இங்க வந்தா அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க."

"நீங்க என்கிட்ட பேசினத நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"அப்பாடா."

"அவங்களா வந்து கேட்டா, டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கணும்னு சொல்லிக்கொடுப்பேன். பொய் சொல்லமாட்டேன்."

இதைவிட மோசமான மிரட்டல் வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து ஏஜென்ட் என்ற சந்தேகம் போய், எட்டப்பர் வேலை பார்க்கப்போகிறார் என்ற சந்தேகம் பிடித்துக்கொண்டது. அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி அக்காவை அழைத்துப்போவதையே நிறுத்தினேன். பின்பக்கமாக, மருத்துவமனைக்குச் சாமான் இறக்கும் லோரிகள் நிற்கும் வழியாக, குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு ஃபார்மசிக்குப் போவோம்.

"ஏண்டா, மனுசன் போற வழியே இல்லயா இந்த ஆஸ்பத்திரில?"

"நடந்தா உடம்புக்கு நல்லதுக்கா."

"புண்ணுக்கு எதுக்குடா நடை? வாயில வந்தத சொல்லாத லா."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு கொடுக்காமல் கறிபாப் எடுத்துக்கொண்டு ஓடினால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

கிளினிக்குக்கு முந்தைய வாரம், ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தோம். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எண் அழைப்பதற்காகக் காத்திருந்தபோது, ஒலிபெருக்கியில் என் காரின் எண்ணை வாசித்தார்கள். யாரோ ஒருவருடைய காரை அடைத்துக்கொண்டு நிறுத்தியிருந்தேன். ஊரோடு ஒத்த வழக்கம்தான். ஓடிப்போய்த் திட்டு வாங்கி, காரை நகர்த்தி, வேறு இடம் தேடி, வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தால் நாற்காலியில் அக்கா இல்லை. எங்கே போயிருப்பாள் என்று என் கால்களுக்கே தெரிந்திருந்தது.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். மிஸ் பேசவில்லை. அக்காதான் பேசிக்கொண்டிருந்தாள். விரலால் தன் வயிற்றின்மேல் கோடு இழுத்துக் காட்டி ஏதோ சொல்ல, மிஸ் தலையசைத்துக்கொண்டிருந்தார். திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"வெளிய இருங்க. பேசிட்டிருக்கோம்ல" என்றார் மிஸ்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள், "கார எடுத்துட்டியா?" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் என்னென்னவோ கேட்டுப் பார்த்தேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

கிளினிக் நாளில், டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன் அக்கா திறந்தாள். கேன்டீனில் பழகிய மலாயில், எனக்குப் பெருங்குடலில் கேன்சர் இருக்கிறதா என்று நேராகக் கேட்டாள். டாக்டர் ஆமென்றார். அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, எந்தப் பகுதியை வெட்டுவீர்கள், பை வைத்தால் எத்தனை காலம், பையோடு அடுப்பு முன்னால் நிற்கலாமா என்று வரிசையாகக் கேட்டு, பதிலையெல்லாம் வாங்கிக்கொண்டு, நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள் டாக்டர் என்றாள். மிஸ்ஸின் குரலே அவள் தொண்டையிலிருந்து வந்தது. நான் தரையின் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து டாக்டர் பேனாவை நீட்டியபோது, "ஒரு வாரம் டைம் குடுங்க" என்று எழுந்துவிட்டாள்.

அந்த வாரம் நான் மிஸ்ஸைச் சபித்த சாபமெல்லாம் பலித்திருந்தால், அந்த அறையின் ஏசியாவது கெட்டுப்போயிருக்கும். அப்பா மாட்டிக்கொண்ட சட்டைதான் என் கண் முன்னால் நின்றது. அக்கா ஃபோனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் பூட்டியிருந்தது. பஸ் ஏறி எங்கேயோ போய்விட்டாள், அவளைக் கொன்றது அந்தப் பெண்மணிதான் என்றே தீர்மானித்துவிட்டேன். கடைசியில் பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தேன். ஆள் உட்கார்ந்து குளிக்கக்கூடிய ஒரு சட்டியில் மீ கூன் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸ்போர்ட்ஸ் டே ஆர்டர்டா. ஹெட்மாஸ்டர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். அத முடிக்காம எப்படிப் போய்ப் படுக்கறது?"

"ஃபோன எடுத்தா என்னக்கா?"

"எடுத்தா நீ அழுவ. அந்த வெங்காயத்த உரி. எப்படியும் அழத்தான போற."

மறுவாரம் போய்ச் சம்மதம் தந்தாள். அறுவை சிகிச்சை நடந்தது. பை கொஞ்ச காலம் இருந்தது, பிறகு எடுத்தார்கள். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் கேன்டீனில் அதே அதிகாரத்தோடு நின்றாள். நான் சொன்ன பொய்களுக்காக என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அன்று அந்த அறையில் மிஸ்ஸிடம் முதலில் என்ன கேட்டாய் என்று தீபாவளிக்குத் தீபாவளி கேட்பேன். "ஒனக்கு எதுக்கு?" என்று முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளுவாள். பிறகு வியாதி கல்லீரலில் திரும்பி வந்தது. இந்த முறை அவள் தனியாகவே போய் டாக்டரைப் பார்த்து, வீட்டுக்கு வந்து, எனக்குச் சேதி சொன்னாள். நிதானமாக, விளங்கும்படி சொன்னாள். சொல்லி முடித்ததும், "இப்ப நீ சொல்லு. என்ன புரிஞ்சிச்சி?" என்றாள். இன்னொரு தடவை சொல்லுக்கா என்றேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில், பூமாலைக் கடைகள் வரிசையில் மிஸ்ஸைப் பார்த்தேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் ஊன்றுகோல். வேலையை விட்டுச் சில காலம் ஆகிறதாம். நான் யாரென்று சொன்னதும், "அக்கா எப்படி இருக்காங்க?" என்றார். போய்விட்டாள் என்றேன். ரொம்ப வலித்ததா என்று கேட்டார். மருந்து கொடுத்தார்கள் மிஸ், கடைசியில் தூங்கிய மாதிரிதான் என்றேன். தலையசைத்தார். பக்கத்தில் கடைக்காரப் பையன் மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். அவர் நகரப் பார்த்தார்; நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

இத்தனை ஆண்டுகளாக இந்தச் சந்தேகம் என்னைத் தின்கிறது. என் தம்பி பொய் சொல்கிறானா என்று கேட்டிருப்பாளோ? இன்னும் எத்தனை நாள் என்று கேட்டிருப்பாளோ? நான் போனால் அந்த முட்டாளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருந்தாலும் அவளால் முடியும். எதுவானாலும் தெரிந்துவிட்டால் நிம்மதி என்று தோன்றியது.

"மிஸ், அன்னிக்கு எங்க அக்கா உங்ககிட்ட மொதல்ல என்ன கேட்டா? அவதான் போயிட்டாளே. இனிமே சொன்னா என்ன?"

மிஸ் குடையை விரித்தார்.

"அவங்க என்கிட்டதான கேட்டாங்க."