கவுத்துக் காட்டு, ரமா

செருப்பை வாசல் பக்கம் தள்ளிவிட்டு, வலது கால் கட்டைவிரலைத் துணியால் ஒரு துடைப்பு துடைத்துக்கொண்ட பிறகுதான் ரமாபாய் கிடாரைத் தோளில் மாட்டுவார். மற்ற கிடார்காரர்கள் தரையில் இருக்கும் பெடல் பெட்டியை ஷூ போட்ட காலால் நச்சென்று மிதிப்பார்கள். இவருக்கு அது ஆகாது. "அது இன்னா கரப்பாம்பூச்சியா, மெரிக்கறதுக்கு?" என்பார். கட்டைவிரலால் பொத்தானை ஓர் அழுத்து. அதே விரலால் குமிழைக் கால் சுற்றுத் திருப்பவும் தெரியும். எந்தப் பாட்டுக்கு எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு நகச்சாயத்தால் புள்ளி வைத்திருக்கிறார். அந்த வீட்டில் நகச்சாயம் வேறு எதற்கும் பயன்பட்டதில்லை.

வயது நாற்பத்தொன்று. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. ரமாபாய் என்று பெயர் வைத்தது அப்பா. கிடாரைக் கையில் கொடுத்தது யாருமில்லை, முதல் சம்பளத்தில் அவரே வாங்கிக்கொண்டார். வேலை பேசின் பிரிட்ஜ் யார்டில் எலக்ட்ரீஷியன், அதிலும் பவர் காரில். சில ரயில்களில் ஒரு பெட்டி மட்டும் உறுமிக்கொண்டே போகுமே, அதுதான் பவர் கார். மொத்த வண்டியின் விளக்கும் ஏசியும் அதற்குள் இருக்கும் இரண்டு பெரிய டீசல் ஜெனரேட்டர்களின் தயவு. உள்ளே நின்று பக்கத்து ஆள் கத்தினாலும் வாயசைவுதான் தெரியும். காது மூடியை மாட்டாமல் ரமாபாய் அந்தப் பெட்டியில் கால் வைத்ததில்லை. "சோறு போடறது கையி. பாட்டு போடறது காது. ரெண்டுல எதுனா ஒண்ணு போச்சின்னா பேஜாருப்பா" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவார்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம், ராயபுரத்தில் ஃப்ரெடி வீட்டு முன்னறையில் நாலைந்து கிடார்காரர்கள் கூடுவார்கள். கச்சேரி செய்வதற்கு இல்லை. போர்டு பார்ப்பதற்கு. பெண் பார்க்கப் போகிற வீட்டில் இருக்கும் பரபரப்பு அங்கேயும் உண்டு. கிடாரின் ஒலி ஸ்பீக்கருக்குப் போகிற வழியில் அதைக் கரகரப்பாக்க ஒரு பெட்டி, எதிரொலிக்க வைக்க ஒரு பெட்டி, கோயில் மண்டபத்தில் வாசித்தது மாதிரி விரிக்க ஒரு பெட்டி. இந்தச் சின்ன இரும்புப் பெட்டிகள்தான் பெடல். அவற்றை வரிசையாக ஒட்டிய பலகைதான் போர்டு. எதற்குப் பின்னால் எது வர வேண்டும் என்பதில்தான் இவர்களுடைய சண்டையும் சமாதானமும்.

சபைக்கு என்று ஒரு முறை இருக்கிறது. போர்டை நடுவில் வைத்து, கிடார் ஒயர் நுழையும் முனையிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக விரலால் தொட்டு வரிசை சொல்ல வேண்டும். வாசித்துக் காட்ட வேண்டும். கடைசியில் போர்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் காட்ட வேண்டும். மேலே எல்லாரும் பளபளவென்றுதான் வைத்திருப்பார்கள், அடியில் ஒயர் ஓடுகிற லட்சணத்தில்தான் ஆளின் லட்சணம் தெரியும் என்பது ஃப்ரெடியின் கட்சி. பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச்சில் இன்னும் வாசிக்கிறார். "எம் போர்ட்ல ஊசி வுழுந்தா கேக்கும், அவ்ளோ சைலண்ட்டு" என்று அவர் சொல்லாத ஞாயிறு கிடையாது. ஒரு வருஷமாக, யார் வாசித்தாலும் "ட்ரெபிள் பத்தல, ஏத்து" என்பதையும் சேர்த்துச் சொல்லிவருகிறார். ட்ரெபிள் என்றால் ஒலியின் மேல் பக்கம், கீச்சென்று கேட்கிற பகுதி.

இன்னொருவன் கத்திவாக்கத்துக் கருணாகரன். அப்பா கடலுக்குப் போகிறார், இவன் கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்க்கிறான். அவன் போர்டுக்கு அடியில் ஒயர்கள் எல்லாம் வலை முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கும். கவிழ்த்தால் லேசாக இறால் வாசனையும் வரும். எதையும் கேலி பேசாமல் அவனால் இருக்க முடியாது.

ரமாபாய் வரிசை சொல்லும் அழகே தனி. "தோ, ட்யூனர். இதான் எஞ்சினு. சுருதி சேக்காம வண்டி கெளம்பாது. இது ஓவர்டிரைவு, கரகரன்னு வரும். அப்பால கோரஸ், அப்பால டிலே. கடசீல ரிவர்ப்பு, இவுரு கார்டு. பச்சக்கொடி காட்டுனாத்தான் சவுண்டு வெளிய போவும்" என்று முடிப்பார். பழைய பீரோக் கதவை அறுத்துச் செய்த பலகை அது. அதன் அடிப்பக்கத்தைப் பார்த்து ஃப்ரெடியே ஒருமுறை வாயடைத்துப் போனார். ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர். ஒவ்வொரு முனைக்கும் உறை. கடல் காற்றில் பச்சை பூக்காமல் வாரம் ஒருமுறை துடைத்த பிளக்குகள். எல்லாப் பெடலுக்கும் மின்சாரம் பிரித்துத் தருகிற பெட்டியையும் அவரே செய்திருந்தார். ஓவர்டிரைவுக்கு ஒன்பது வோல்ட் போதாமல், அதைப் பதினெட்டாக ஏற்றிக் கொடுக்க ஜனவரியில் ஒரு சின்ன சர்க்யூட்டையும் அதற்குள் சேர்த்தார். அதற்கு அவர் பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. ரயிலுக்கே கரண்ட் கொடுக்கிற கை அல்லவா.

அதே ஜனவரியில்தான் விசில் ஆரம்பித்தது.

ஹவுசிங் போர்டுச் சுவர் மெலிசு என்பதால் வீட்டில் போர்டோடு ஹெட்போனை இணைத்து மாட்டிக்கொண்டுதான் வாசிப்பார். ஒரு நாள் வாசிப்பை நிறுத்தியதும் காதுக்குள் "ஈ" என்று ஊசி மாதிரி ஒரு சத்தம். கிடாரைக் கழற்றிப் பார்த்தார், சத்தம் போகவில்லை. ஹெட்போனையும் கழற்றினார். போனதா, போகவில்லையா? சரியாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டு டிவியும் கீழே தண்ணீர் லாரியும் சேர்ந்து காதை நிறைத்துவிட்டன. பயந்துபோன காதுக்குச் சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கேட்கத்தான் செய்யும். அந்த வாரம்தான் இரண்டு ஜெனரேட்டர்களையும் சேர்த்து ஓடவிட்டுச் சோதித்திருந்தார்கள். ரமாபாய் மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார். காது போச்சு.

அவருக்கு லோகநாதனைத் தெரியும். யார்டில் உடன் வேலை பார்த்தவர். காது மூடி போடச் சொன்னால், "மூடிகினா இஞ்சின் பேசறது எனுக்கு எப்டி கேக்கும்?" என்று கடைசிவரை பிடிவாதம் பிடித்த மனிதர். இப்போது அவர் வீட்டில் எந்நேரமும் டிவி ஓடுகிறது. படம் பார்ப்பதற்கு இல்லை. காதுக்குள் நிற்காமல் அடிக்கும் விசிலை மறைப்பதற்கு.

கணவர் அன்புமணியைக் கூப்பிட்டு ஹெட்போனை அவர் காதில் வைத்து "கேக்குதா?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ரமாபாய் கேட்கவில்லை. "ஒண்ணும் கேக்கலியே" என்று அவர் சொல்லிவிட்டால்? கேட்காத வரையில் பாதி நம்பிக்கையாவது மிச்சம் இருந்தது. ஆக, இருபது வருஷமாக எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஒருவர் மூன்று மாதம் தன் காதைச் சந்தேகப்பட்டாரே தவிர, தான் வைத்த சர்க்யூட்டை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அந்த மூன்று மாதம் அவர் சரியாகத் தூங்கவில்லை.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனார். பரிசோதனைக்கு ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வீட்டில் யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில், போர்டின் அடிப்பக்கத்தில், டேப் போட்டு ஒட்டினார். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் டியூட்டி என்று சொல்லி ஃப்ரெடி வீட்டுக்குப் போகவில்லை. ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு வந்தது. மறுநாள் பரிசோதனை. அதற்கடுத்த நாள் ஏப்ரல் பதினாலு, புளியந்தோப்பு மேடையில் பறைக்காரர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். நாளைக்கு என்ன சொல்லப் போகிறார்களோ, தெரிவதற்கு முன்னால் நல்ல ஸ்பீக்கரில் ஒரு தடவை வாசித்துவிடலாம் என்று போர்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

போர்டை ஃப்ரெடியின் ஸ்பீக்கரோடு இணைத்தார். உடனே "ஈ" என்றது. அது தன் காதுதான் என்று பழகிப்போயிருந்ததால் கண்டுகொள்ளாமல் குனிந்து, "தோ, ட்யூனர். இதான் எஞ்சினு" என்று ஆரம்பித்தார். நிமிர்ந்தபோது கருணாகரன் காதுக்குள் சுண்டுவிரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான்.

"யக்கா, இன்னாக்கா இது, ஈன்னு கத்திகினு கீது?"

ரமாபாயின் விரல் கோரஸ் பெட்டியின் மேலேயே நின்றுவிட்டது. "இன்னா சொன்ன?"

"விசிலுக்கா. உனுக்குக் கேக்கலியா?"

"எங்கடா கத்துது?" என்றார் ஃப்ரெடி. "சுத்தமாத்தானே கீது. ட்ரெபிள்தான் பத்தல."

ரமாபாயின் முகம் வாடிவிட்டது. இவன்தான் எதையும் கேலி பேசுகிறவனாயிற்றே. "கருணா, இதுல மட்டும் வெளையாடாதடா. கால்ல வுழறேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டு அவன் பயந்துபோனான். "உம்மேல சத்தியமா கத்துதுக்கா" என்றான்.

அப்போது ஃப்ரெடியின் மனைவி பிலோமி டீத் தட்டோடு உள்ளேயிருந்து வந்தார். அந்த அம்மாளுக்கும் கிடாருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. "இன்னாங்க அது? கொசு பேட்ட சார்ஜ்ல போட்டு மறந்துட்டனோன்னு ரூம் பூரா தேடினேன். இங்கியா கத்துது?"

ரமாபாய் எழுந்தார். டீயை வாங்கவில்லை, பிலோமியின் தோளைப் பிடித்துச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்தினார். "பிலோமிக்கா, இப்டியே நில்லு. திரும்பாத. இப்ப கீதா?" என்று கேட்டு, கால் கட்டைவிரலால் போர்டின் சுவிட்சை அணைத்தார்.

"இப்ப இல்ல."

"இப்ப?"

"தோ, வந்துட்ச்சி."

"இப்ப?"

"இல்ல. இன்னாடி ரமா, டீ ஆறிகினு கீது."

ஐந்து தடவை சோதித்தார். ஐந்து தடவையும் பிலோமி தப்பாமல் சொன்னார். ரமாபாய் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். "என் காது இல்லடா கருணா. பொட்டிடா! நான் செஞ்ச கலீஜு பொட்டிடா!" தன் வேலையில் குற்றம் கண்டுபிடித்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட எலக்ட்ரீஷியனை அந்த அறை அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விட்டது.

"கவுத்துக் காட்டு, ரமா" என்றார் ஃப்ரெடி. சந்தோஷத்தில் அடியில் ஒட்டிய சீட்டை மறந்து ரமாபாயும் கவிழ்த்தார். பாதி பிரிந்த டேப்போடு சீட்டு தொங்கியது. கருணாகரன் அதை எடுத்துப் படித்தான். நாளை எட்டு மணி, அறை எண், காது மூக்கு தொண்டை. "மூணு மாசமா இத்த வெச்சிகினா அல்லாடின? ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா?" என்றான். மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்பதால் ரமாபாய் எல்லாவற்றையும் சொன்னார்.

பெட்டியைத் திறந்ததும் குற்றவாளி அகப்பட்டான். வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற சர்க்யூட்டில் எட்டுக் கால் கொண்ட சின்னச் சில்லு ஒன்று இருக்கிறது. அதன் முதல் காலையும் எட்டாவது காலையும் இணைத்தால் அதன் துடிப்பு மனிதக் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். இணைக்காவிட்டால் விசில். ரமாபாய் இணைக்க மறந்திருந்தார். "இத்த எவன்னா ஹெல்ப்பர் பண்ணிருந்தா நாலு கேள்வி கேட்ருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே, ஃப்ரெடியின் சால்டரிங் அயர்னை வாங்கி, அந்த இரண்டு கால்களையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து ஈயம் வைத்தார். சுவிட்சைப் போட்டார். நிசப்தம். நல்ல சுத்தமான நிசப்தம். செவ்வாய்க்கிழமை வாசிக்கப் போகிற பாட்டின் முதல் இரண்டு வரியை வாசித்தார். ஓவர்டிரைவ் கரகரவென்று அந்த முன்னறையை நிறைத்தது.

"சீட்டக் கிழிச்சுப் போடுக்கா" என்றான் கருணாகரன்.

ஃப்ரெடி மட்டும் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வாசிப்பு முடிந்ததும் குனிந்து, ஸ்பீக்கரின் வலைத்துணியில் படுகிற மாதிரி காதை வைத்தார். பிறகு கருணாகரனிடம் மெதுவாக, பிலோமிக்குக் கேட்காதபடி, "இப்ப நின்னுட்ச்சாடா?" என்று கேட்டார்.

எதையும் கேலி பேசுகிற கருணாகரன் அப்போது கேலி பேசவில்லை. "நின்னுட்ச்சிண்ணே" என்றான்.

அது ரமாபாயின் காதில் விழுந்தது. கிடாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். கிழிக்கச் சொன்ன சீட்டை அவன் கையிலிருந்து வாங்கி, டேப்பை உரித்துப் போட்டுவிட்டு, தேதியும் அறை எண்ணும் வெளியே தெரிகிற மாதிரி நான்காக மடித்தார்.

"காலீல எட்டு மணிண்ணே. நானும் வரேன். ஒண்ணாவே காட்டிகினு வந்துடலாம்" என்றார். ஃப்ரெடி பதில் சொல்வதற்குள் சீட்டை அவர் சட்டைப் பையில் வைத்து, பையின் பொத்தானையும் போட்டுவிட்டார்.