டேபிள் சா வாங்க வந்த சேஃப்டி ஆபீசர்

கத்தி விற்கிறவனிடம் உனக்குக் காய் நறுக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை, மரம் அறுக்கும் மெஷின் விற்கிறவனிடம் மட்டும் “நீங்க வீட்ல எது வெச்சிருக்கீங்க?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் வீட்டில் எதுவும் இல்லை. என் மனைவிக்கு என்னைத் தெரியும்.

ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி, கம்பெனி பஸ்கள் நின்று திரும்பும் இடத்தில் என் பவர் டூல்ஸ் கடை. வாரமெல்லாம் கார் கதவும் லாரி அச்சும் செய்கிறவர்கள், லீவு நாளில் சொந்தக் கையால் ஒரு அலமாரியாவது செய்துவிடுவது என்று கிளம்பி வருவார்கள். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: விலை குறைவாக, தூக்கிக்கொண்டு போகிற எடையில், ஆயுசுக்கும் உழைக்கிற மாதிரி ஒரு டேபிள் சா. இந்த மூன்றையும் ஒரே பெட்டிக்குள் கேட்கிற வாடிக்கையாளரைச் சமாளித்தவர் எவரானாலும், அவர் விற்பது மிக்சியோ மெத்தையோ, எனக்குப் பங்காளிதான். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி

டேபிள் சா என்பது ஒரு குட்டி மேசை. நடுவில் ஒரு பிளவு, அதில் எட்டிப் பார்க்கும் வட்ட பிளேடு. பலகையைத் தள்ளினால் அறுத்துத் தரும். பிளேடுக்கு மேலே கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் கவர். அதைத் தாங்கிக்கொண்டு பின்னால் ஒரு தகடு. கவர் விரலைக் காக்கும். அறுபடும் பலகை பிளேடைக் கவ்விக்கொண்டு ஆள் மேல் பாயாமல் தகடு காக்கும்.

பீட்டர் சாருக்கு இதையெல்லாம் விளக்க எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் வல்லம் வடகாலில் கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். ஷிப்ட் தொடங்கும்போது ஆட்களை வரிசையாக நிறுத்தி, வலது கையை நீட்டச் சொல்லி, பாதுகாப்பு உறுதிமொழி சொல்லிக்கொடுப்பவர். மண்ணூரில் சொந்த வீடு, மொட்டை மாடியில் தகர ஷெட். ஒன்பதாவது படிக்கிற மகளுக்குப் படிப்பு மேசையைத் தானே செய்யப்போகிறார். கழுத்தில் அட்டையும் காலில் சேஃப்டி ஷூவுமாகக் கடையில் இருந்த மெஷின்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார். ஒயரை இழுத்தார். மெஷினின் காலை ஆட்டிப் பார்த்தார். ஆடிட் நடக்கிறது என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் கவரைச் சுண்டிக் காட்டினார்.

“இத்த கழட்டிக்கலாம்ல சார்? கோடு தெரியாம மறைக்குது.”

செருப்பு விடும் இடம்

அது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. இங்கே மெஷின் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் செய்கிற முதல் வேலையே அதுதான். கழட்டாதீர்கள் என்பேன். “ஆமா சார், கரெக்டு சார்” என்று தலையாட்டிக்கொண்டே என்னிடமே ஸ்பானர் கேட்பார்கள். பிறகு கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல் கவரைக் கவுன்ட்டரில் விட்டுவிட்டுப் போவார்கள். தூக்கி எறிய மனமில்லாமல் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தேன். அது நிறைந்து இன்னொரு பெட்டியும் ஆனது.

ஒரு வாடிக்கையாளர், ரோபோ வெல்டிங் லைனில் வேலை செய்பவர். அங்கே ரோபோவைச் சுற்றியுள்ள வேலியின் கதவு லேசாகத் திறந்தாலே லைன் மொத்தமும் நின்றுவிடும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே கவரைக் கழற்றினார். “அப்புறம் இதை மட்டும் ஏன் சார்?” என்றேன்.

“அங்க சென்சார் கீது, தொறந்தா காட்டிக் குடுத்துடும். மாடியில இன்னா கீது? காக்காதான் கீது.”

கட்டிலுக்கு அடியில்

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் ரூம் எடுத்திருக்கும் நான்கு இளைஞர்கள் சேர்ந்து வந்தார்கள். ஒருத்தர் டிப்ளமா, ஒருத்தர் ஐடிஐ, மற்ற இருவர் அவர்களுக்கு ஆலோசகர்கள். லீவு நாளில் சுவர் ஷெல்ஃப் செய்து விற்பதாகத் திட்டம். நான் பிளேடு எட்டு அங்குலமா பத்து அங்குலமா, மோட்டார் சூடேறுமா, பலகைக்கு வழிகாட்டும் பட்டை நேராக நிற்குமா என்று தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். ஆலோசகர்களில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து மெஷினின் உயரத்தை அளந்தார். கயிற்றில் ஏற்கனவே ஒரு முடிச்சு இருந்தது. முடிச்சைத் தாண்டி மெஷின் நீண்டது. நால்வர் முகமும் வாடிவிட்டது.

“கட்டிலுக்கு அடியில நுழையாது போலயே அண்ணாச்சி. ஓனர் கண்ணுல பட்டா, மெஷினோட சேத்து எங்களையும்லா வெளிய வைப்பாரு.”

தலைகீழ்

பீட்டர் சார் மறுபடி வந்தார். தனியாக ஒரு டேபிள் சா எதற்கு என்று வீடியோ பார்த்துத் தெளிவு பெற்றிருந்தார். கையில் பிடித்து அறுக்கிற சாதா மெஷினை ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாக முடுக்கி, பிளேடை மேலே வரவிட்டால் அதுவே டேபிள் சா. விலை பாதிக்கும் கீழே. அதில் ஒரு சிக்கல்: விரலை எடுத்தால் சுவிட்ச் அணைந்துவிடும். அதற்கும் வழி சொன்னார். சுவிட்சை அழுத்தி, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டிவிட வேண்டும்.

“சார், உங்க லைன்ல ஒருத்தன் இப்படிச் சுவிட்சைக் கட்டி வெச்சா என்ன செய்வீங்க?” என்றேன்.

“அங்கயே நிறுத்தி, மெமோ குடுத்து, கேட்டுக்கு வெளிய அனுப்பிடுவேன்” என்றார் யோசிக்காமல். பிறகு கொஞ்சம் யோசித்தார். “அது கம்பெனி சார். இது என் வூடு.”

எஸ்தரின் கேள்வி

அந்தத் தலைகீழ் மெஷினை நான் விற்க மறுத்ததால், அடுத்த முறை மனைவியை அழைத்து வந்தார். எஸ்தர், ஒரகடத்தில் இரும்பை அச்சில் அழுத்தும் பிரஸ் லைனில் இருக்கிறார். முன்பு பீட்டர் சார் கம்பெனியில் இருந்தவர். அவர் எடுத்த சேஃப்டி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டு, பிறகு அவரையே கட்டிக்கொண்டவர். எடை என்ன, வாரன்டி என்ன என்று கணவர் கேட்டுக்கொண்டிருக்க, இவர் என்னிடம் தனியாக வந்தார்.

“அண்ணா, இதுல எது ரொம்ப சத்தம் போடும்?”

இருப்பதிலேயே விலை குறைந்ததைக் காட்டினேன். ஓட்டிக் காண்பித்தேன். எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதையே பில் போடச் சொன்னார் எஸ்தர். அவர் ஸ்கூட்டியைத் திருப்பப் போன சமயத்தில் பீட்டர் சார் பெட்டியிலிருந்து கவரைத் தகட்டோடு உருவிக் கவுன்ட்டரில் வைத்தார். நான் எடுத்து உள்ளே வைத்தேன். அவர் மறுபடி வெளியே வைத்து, பெட்டிக்கு டேப் ஒட்டிவிட்டார். சத்தமான மெஷின் எதற்கு என்று வாசலில் எஸ்தரிடம் கேட்டேன்.

“மேல சத்தம் கேட்டுக்கினே இருந்தா இவரு நல்லா இருக்காருன்னு அர்த்தம்ணா. நின்னுச்சுன்னா நான் ஓடணும்ல.”

நியர் மிஸ்

பிறகொரு நாள் பீட்டர் சார் ஒரு கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டபடி வந்தார். என் கண் அந்தப் பாக்கெட்டைவிட்டு நகரவில்லை. கையை எடுத்தார். விரல்கள் இருந்தன. கூடவே ஒரு பிளைவுட் துண்டும் இருந்தது.

“ஒண்ணும் ஆவல சார். நியர் மிஸ்” என்றார். அடிபடாமல் தப்பிய விபத்துக்குக் கம்பெனியில் அப்படித்தான் பெயர். கவரோடு தகடும் போய்விட்டதால் பலகை பிளேடைக் கவ்வியது. அறுபட்ட துண்டு அவர் இடுப்பை உரசிக்கொண்டு பறந்து, பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. அதிர்ச்சியில் மெஷினை அணைத்தார். சத்தம் நின்றது. எஸ்தர் கரண்டியோடு மாடிப்படி ஏற, தொட்டித் தண்ணீர் எதிரே இறங்கி வந்தது. அன்றே விசாரணை முடித்துவிட்டாராம். விசாரணைக் குழுவில் அவர் ஒருவர்தான்.

“மூல காரணம், கடையில முறையான டிரெயினிங் குடுக்கல. அப்டின்னு சொன்னா எஸ்தர் ஒத்துக்க மாட்டேங்குது சார்.”

சிவப்புப் பூட்டு

கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் கை வைக்கிறவர் முதலில் அதன் சுவிட்ச் பெட்டியில் தன் பூட்டைப் போட்டு, தன் போட்டோ ஒட்டிய சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவார். அந்தப் பூட்டை அவரைத் தவிர வேறு யாரும், முதலாளியே வந்தாலும், திறக்கக் கூடாது. எஸ்தர் ஷெட்டின் சுவிட்ச் பெட்டியைப் பூட்டிவிட்டார். ‘இயக்காதே’ என்று எழுதிய சிவப்பு அட்டையில் தன் படம். கல்யாண போட்டோவை வெட்டியதில் கிடைத்ததாம். மறுபாதி எங்கே என்று பீட்டர் சாருக்குத் தெரியவில்லை. மகள் இப்போது மெஷின் வந்த அட்டைப்பெட்டியின் மேல் புத்தகம் வைத்துப் படிக்கிறாள்.

“தகரப் பெட்டிதானே சார், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதுமே” என்றேன். நான் சாமி சிலையை உடைக்கச் சொன்னதுபோல் பார்த்தார்.

“அவங்க போட்ட பூட்ட அவங்கதான் எடுக்கணும் சார். வகுப்புல அத்த சொல்லிக்குடுத்ததே நான்தான்.”

கவர் திரும்பி வராமல் பூட்டு திறக்காது என்று எஸ்தர் சொல்லிவிட்டாராம், ஆகவே அதைத் தேடி வந்திருந்தார். என் பெட்டிகளைக் கவிழ்த்துத் தரையில் உட்கார்ந்து, ஊரார் விட்டுப்போன கவர்களுக்கு நடுவே தன்னுடையதைத் தேடி எடுத்தார். நிமிர்ந்தால் வாசலில் எஸ்தர், வேலை முடிந்து நேராக வந்திருந்தார். கழுத்து அட்டையோடு சேர்ந்து சாவியும் தொங்கியது.

“கவர் மட்டும் போதாது. கையை நீட்டுங்க. தெனம் ஊருக்கு சொல்றீங்களே, அத்த இங்க சொல்லுங்க.”

பீட்டர் சார் என்னைப் பார்த்தார். நான் ஸ்பானர்களை அடுக்கத் தொடங்கினேன். அவர் அட்டென்ஷனில் நின்று, வலது கையை என் பக்கம் நீட்டி, உறுதிமொழியை முதல் வரியிலிருந்து சொன்னார். பாதியில் அவர் கம்பெனி பஸ் வாசலில் வந்து நின்றது. ஜன்னல் முழுக்கத் தலைகள். ஒரு தலை கத்தியது:

“பாவம் சார் கடைக்காரரு, அவரையாவது வுட்ருங்க!”

இப்போதெல்லாம் விலை குறைந்த டேபிள் சா எது என்று யார் கேட்டாலும், வீட்டில் பூட்டுச் சாவி யார் கையில் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மெஷினைக் காட்டுகிறேன்.